ரூபாய்க்குப் பத்துப் பைசா

முதல் நாள், வியாழன்

அக்கா வரச் சொன்னது வீட்டு வரி விஷயமாக. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற வேண்டும், பழைய ரசீதுகள் உன்னிடம் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு வா என்றார். ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கடுக்காக இருந்தன. அப்பா சினிமா டிக்கெட்டைக்கூடக் கிழித்துப் போடாத மனிதர்.

பிறர் எழுதியதில் பிழை தேடிச் சோறு தின்கிறவன் நான். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு முப்பது ஆண்டாக மெய்ப்புப் பார்க்கிறேன். வரி ரசீதையும் வரி வரியாகப் படிப்பதுதான் என் வியாதி. ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு ரசீதிலும் வீட்டு வரிக்குக் கீழே இன்னொரு வரி: நூலக வரி. மேலே உள்ள தொகையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. சமீபத்திய ரசீதில் வீட்டு வரி 120 ரூபாய், நூலக வரி 12 ரூபாய்.

புத்தகத் தொழிலில் இருக்கிற எனக்கு இந்தச் சட்டம் தெரியாதது அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். அதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு பங்கை உள்ளாட்சிகள் வசூலித்து, மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. இதெல்லாம் தெரியும். ஆனால் அப்பா கட்டியிருக்கிறார், ஆண்டு தவறாமல் கட்டியிருக்கிறார் என்பது இன்றுதான் தெரிந்தது.

அந்தப் பன்னிரண்டு ரூபாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. காட்பாடிக்கு எடுத்த டிக்கெட்டோடு வாலாஜா ரோட்டிலேயே இறங்கிவிட்டேன்.

வாலாஜாபேட்டை 1866-லேயே நகராட்சி ஆன ஊர். தமிழ்நாட்டில் அதுதான் முதல். வரி வசூலிப்பதில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பழக்கம் உள்ள ஊர் என்று நினைத்துக்கொண்டே கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, ஆற்காட்டில் மக்கன் பேடா தின்று, மாலையில் அந்தப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றின் கிளை நூலகத்துக்குப் போனேன். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருக்கிற அம்மா மனம் திறந்து பேசியதற்கு நான் செய்யும் கைம்மாறு அது.

நான்கு மணிக்குத் திறந்தார். வாடகைக் கட்டடம். காலையில் பெய்த மழை கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குப் பக்கத்து அலமாரியில் தார்பாலின். அது வரலாற்று அலமாரியாம். சரித்திரம் நனையக் கூடாது ஐயா என்று சிரித்தார். நூலகர் அவர் ஒருவரே. வாரத்தில் சில நாள் பக்கத்து ஊர் நூலகத்துக்கும் கூடுதல் பொறுப்பு. அவர் அங்கே போகும் நாளில் இங்கே பூட்டு. இங்கே வரும் நாளில் அங்கே.

ரசீதைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "வருகிறவர்களில் பாதிப் பேர் நூலகம் இலவசம் என்று நினைக்கிறார்கள். நாளிதழ் ஒன்றைக் குறைத்தால், இலவசமாகக் கொடுப்பதில் இதுவே அதிகம் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கட்டியிருக்கிறோம் என்று தெரிந்தால் சண்டை போடுவார்கள். போட்டால் எனக்கு நல்லது."

வசூலாகும் நூலக வரி ஆணைக்குழுவுக்கு நேரத்தில் வந்து சேர்வதில்லை என்பது தமிழ்நாட்டு நாளிதழ்களில் பல ஆண்டாக வரும் செய்தி. சாலையும் குழாயும் தெருவிளக்கும் அவசரமாகத் தெரிகிறவர்களுக்குப் புத்தகம் அடுத்த மாதத்துக்கு ஆகட்டும் என்று தோன்றும். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் அலமாரியில் ஈசல் இறகு விழுந்திருக்கும்.

சுவரில் புரவலர் பலகை. ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர். பெயரை எண்ணெய் வண்ணத்தில் எழுதி வைப்பார்கள். ஊரின் அரிசி மண்டி, மளிகைக் கடை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எல்லாரும் இருந்தார்கள். பாதிப் பலகைக்கு மேல் காலி. கீழே எழுதுவதற்குக் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். ஆயிரம் கட்டினேன். பெயரில் ஒற்று விடாமல் எழுதச் சொன்னேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

நேற்று இரவே வேலூர் வந்துவிட்டேன். காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, மாவட்ட மைய நூலகத்துக்குக் கிளம்பினேன். லாட்ஜ் வாசலில் டீக்கடைக்காரர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். "இன்றைக்கு வெள்ளிக்கிழமை, சார்" என்றார். நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. முப்பது ஆண்டு புத்தகத்தோடு வாழ்ந்தவனுக்கு டீக்கடைக்காரர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

கோட்டைக்குப் போனேன். அகழியில் தண்ணீர் நிறைந்திருந்தது. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் எழுந்த இடம், கண்டியின் கடைசி அரசன் சிறை இருந்த இடம் என்று வழிகாட்டி ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு வேறொரு கதை நினைவுக்கு வந்தது. வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கன் அப்பய்ய தீட்சிதரைப் பொன்னால் நீராட்டியதாக ஆரணிப் பக்கம் அடையபலத்தில் கல்வெட்டு இருக்கிறது. வடமொழியில் ஏராளமாக எழுதிய அந்த மனிதருக்குக் கனகாபிஷேகம். புத்தகத்துக்கு ராஜா கொடுத்த பணம் அது. அரசன் மனம் வைத்தால் பொன். மனம் மாறினால் மண். ரூபாய்க்குப் பத்துப் பைசா சின்னத் தொகைதான். ஆனால் அது யார் மனத்தையும் பார்த்து நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயிலில் நீண்ட காலம் மூலவர் இல்லை. 1981-ல்தான் மீண்டும் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாமி இல்லாத காலத்தில் நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். சிற்பம் எல்லாம் இருக்கும், கருவறையில் இருட்டு மட்டும்.

மாலையில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி நடந்தேன். காந்தி ரோட்டில் பெயர்ப் பலகைகள் பாதி வங்காளத்தில். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, வாரக் கணக்கில் லாட்ஜில் தங்கி, முடிவுக்காகவும் தேதிக்காகவும் காத்திருக்கிறார்கள். ஒரு தாத்தா ஒரே நாளிதழ்த் தாளை மூன்றாவது முறையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். வேலூரில் அதிக நேரம் கையில் வைத்திருக்கிறவர்கள் இவர்கள்தாம். இந்தத் தெருவில் வங்காளப் புத்தகம் ஐம்பது வைத்த ஒரு அலமாரி இருந்தால் போதும் என்று தோன்றியது. அதற்கு எந்த வரியிலும் இடம் இல்லை. அவர்கள் வீட்டு வரி வேறு மாநிலத்தில் இருக்கிறது.

மூன்றாம் நாள், சனி

மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். நாளிதழ்ப் பகுதியில் முதியவர்கள். மீதி நாற்காலிகளில் இளைஞர்கள். அவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதில்லை. தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, சொந்தமாக வாங்கிய தேர்வு வழிகாட்டி, நான்கு நிறப் பேனா. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, யாரும் கூப்பிடாத எட்டு மணி நேரம்.

முன்பெல்லாம் இதைப் பார்த்தால் எரிச்சல் வரும். நூலகமா, பயிற்சி மையமா என்று முணுமுணுப்பேன். இப்போது அப்படி இல்லை. பழைய வடஆற்காடு மாவட்டத்தில் வளர்ந்த மு.வரதராசனார் வேறு என்ன செய்தார்? திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், தாமாகவே தமிழ் படித்து, 1935-ல் வித்துவான் தேர்வு எழுதி மாகாணத்தில் முதலாவதாகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தேர்வுக்குப் படித்தவர்தான் பிறகு மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். மூன்றாவது மேசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த பெண் யாராக வருவாள் என்று எனக்கென்ன தெரியும்.

நாவல் அலமாரியில் தேடினேன். இருந்தது. பதினைந்து ஆண்டுக்கு முன் நான் மெய்ப்புப் பார்த்த புத்தகம். ஒவ்வொரு பிழை திருத்துநருக்கும் உள்ளே ஒரு பயம் உண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 143-ஆம் பக்கத்தில் "கறுப்பு" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கருப்பு" என்று விட்டிருக்கிறேன். அதை யாரோ மெல்லிய பென்சிலால் அடித்து, மேலே "று" போட்டிருந்தார்கள். பஞ்சம் என்ற பொருளில்தான் "கருப்பு" என்று வாதாடலாம். அந்த இடத்தில் பேசப்படுவது ஆட்டுக்குட்டியின் நிறம். முகம் தெரியாத அந்த வேலூர் வாசகருக்கு நன்றி சொல்ல ஆசை. பதிப்பகத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தப் புத்தகம் இங்கே வந்த வழியையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தொழிலில் நூலக ஆர்டர் என்போம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்; ஃபாரத்துக்கு இவ்வளவு என்று அரசு விலை வைத்து, தேர்ந்தெடுத்த புத்தகத்தை அந்நாளில் மாநிலம் முழுவதற்கும் வாங்கியது. ஆர்டர் வந்தால் பதிப்பாளர் ஆயிரம் பிரதி அச்சடிப்பார். வராத ஆண்டு நூறு, இருநூறு போட்டுப் பார்ப்பார். ஆர்டரை நினைத்தே தயாரான புத்தகங்களையும் நான் பார்த்திருக்கிறேன்: எழுத்து பெரிது, ஓரம் அகலம், தாள் இலவம்பஞ்சு போல. ஃபாரம் கூடினால் விலை கூடும் அல்லவா? கவிதைத் தொகுப்பில் ஒரு பக்கத்துக்கு மூன்று வரி. அவற்றுக்கும் நான் மெய்ப்புப் பார்த்தேன், கூலி வாங்கினேன், மறுக்கவில்லை. ஆனாலும் ஆர்டர் நின்றுபோன ஆண்டுகளில் முதலில் விழுந்தவை அந்தக் கெட்ட புத்தகங்கள் அல்ல. நான்கு ஆண்டு அலைந்து ஒருவர் எழுதிய வட்டார வரலாறு, சொல்லகராதி, முதல் நாவல், இவைதாம் கையெழுத்துப் பிரதியாக மேசையில் காத்துக் கிடந்தன. நம்மிடம் பத்துப் பைசா சரியாகச் சுற்றவில்லை என்றால் சென்னையில் ஓர் எழுத்தாளருக்குப் பதில் கடிதம் போவதில்லை.

மதியம் பஸ்ஸில் குடியாத்தம். கவுண்டின்ய மகாநதியில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. 2021 நவம்பர் வெள்ளத்தில் ஓடிய தண்ணீரைப் பற்றி நடத்துநர் இன்னும் பேசுகிறார்.

அக்கா முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். இலவம்பாடிக் காய், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து விலை ஏறிவிட்டதாம். அந்தக் குறியீட்டை வைத்துக் குழம்பு வைக்க முடியுமா என்று கேட்கிறார். அவருக்கு ஊர் இன்னும் வடஆற்காடுதான். 1989-ல் பிரித்ததும், 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரித்ததும் அவர் கணக்கில் வரவில்லை.

சாப்பிட்டதும் டப்பாவைத் திறந்து ரசீதுகளைத் தரையில் பரப்பினோம். நூலக வரியைக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அப்படியானால் நான் தின்ற சோறும் இதுதான் என்றார்.

எனக்குத் தெரியாத கதை ஒன்று வந்தது. நான் கைக்குழந்தை. எங்கள் திண்ணையில் அம்மாவும் தெருப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். அக்காவுக்குப் பத்து வயது. அவரையும் சுற்ற உட்கார வைத்தார்கள், விரல் ஓடவில்லை. அப்பா மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து நூலகத்திலிருந்து வாரம் ஒரு புத்தகம் எடுத்து வருவார். ஒரு நாள் அக்கா பீடியை வைத்துவிட்டு அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார். மறுநாள் பெண்கள் தாங்களே கேட்டார்கள்: நீ சுற்ற வேண்டாம், படி, உன் கணக்குக்கு ஆளுக்கு ஒரு கட்டு நாங்கள் போடுகிறோம். அப்படியே மூன்று ஆண்டு நடந்ததாம். சனிக்கிழமை கூலி வாங்கப் போகும்போது அக்கா பெயரிலும் கட்டுகள் இருக்கும். துப்பறியும் கதை என்றால் கை வேகமாக ஓடும். அழுகிற கதை என்றால் பீடி தளர்ந்துபோய்க் கடைக்காரர் கழித்துவிடுவார். அதனால் சோகக் கதை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்புவார்களாம்.

அக்கா மகன் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். இந்த ஆண்டு வரியை அவன் போன மாதமே கட்டிவிட்டான். ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தான். "மாமா, நம் ஊரிலேயே நூலகம் இருக்கிறதே, பார்க்கவில்லையா? பால் சொசைட்டிக்கு எதிரில்."

நான்காம் நாள், ஞாயிறு

பால் சொசைட்டிக்கு எதிரில் சின்னக் கட்டடம். சுவரில் திட்டத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது: அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். 2006 முதல் ஐந்து ஆண்டில் தமிழ்நாட்டின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் ஒவ்வொரு நூலகம் என்று இந்தத் திட்டத்தில் கட்டினார்கள். பல ஊர்களில் பிறகு பூட்டியே கிடந்தன. சிலவற்றைச் சமீப ஆண்டுகளில் வெள்ளையடித்துத் திறந்தார்கள். எங்கள் ஊரில் வெள்ளையடித்திருக்கிறார்கள்.

பூட்டு. சாவி ஊராட்சியில் துப்புரவு வேலை செய்யும் அம்மாவிடம் இருக்கிறது என்றார்கள். அவர் மகளோடு வந்தார். சிறுமிக்குப் பதினொரு வயது இருக்கும். ஞாயிறு மட்டும் திறக்கிறேன், ஐயா, இவள் பிடுங்கல் தாங்காமல் என்றார். தனியாக நூலகர் இல்லை. இவருக்கு அதற்கென்று கூலியும் இல்லை.

உள்ளே மூன்று இரும்பு அலமாரிகள். கீழ்த்தட்டில் கரையான் ஏறி, புத்தகமும் மண்ணும் ஒன்றாகிவிட்டன. நடுத்தட்டுப் புத்தகங்கள் பிரித்துப் பிரித்து முதுகு உடைந்தவை. அந்தச் சிறுமியின் வேலை. மேல்தட்டு அப்படியே புதிது, தூசி மட்டும். ஏன் என்று கேட்டேன். எட்டாது, தாத்தா என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் சுமார் நானூறு வீடு. வீட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,800. இன்றைய விலையில் பன்னிரண்டு, பதினைந்து புத்தகம். மாடி வீடும் கடையும் நிறைந்த ஊரில் இதே பத்துப் பைசா லட்சக் கணக்கில் வரும். ஓட்டு வீட்டுக்குக் குறைந்த வரி. அதனால் குறைந்த நூலக வரி. சரி, பணத்தை மாவட்டத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பங்கிடத்தானே ஆணைக்குழு. ஆனால் ஒரு சங்கடம் இங்கே இருக்கிறது. இந்தக் கட்டடம் நூலகத் துறையுடையது அல்ல, ஊராட்சியுடையது. எங்கள் பன்னிரண்டு ரூபாய் ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஆணைக்குழு தன் கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும்தான் பார்க்கும். எங்களுக்கு அருகில் உள்ளது அதே மூன்று கிலோமீட்டர், அப்பா சைக்கிள் மிதித்த தூரம். பால் சொசைட்டிக்கு எதிரில் உள்ள இந்த அலமாரிக்கு நூலக வரியிலிருந்து ஒரு பைசாவும் வராது. தெருவிளக்குப் போக, குழாய் போக, ஊராட்சியின் பொது நிதியில் மிஞ்சினால் உண்டு.

இரண்டு துறைகள் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் தீர்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு எல்லாமே ஒரு எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும்.

அக்கா மகன் வீட்டிலிருந்து ஒரு மரமுக்காலி கொண்டுவந்தான். சிறுமி ஏறினாள். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். மேல்தட்டிலிருந்து தேனீ வளர்ப்பு, நாட்டுப்புறக் கதைகள், கண் பராமரிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, தூசியை ஊதி, அட்டையைப் பார்த்து, என் தலைமேல் நீட்டினாள். கண் பராமரிப்பை மறுபடி மேலே வைத்தாள். தேனீ அவளுக்கு. நாட்டுப்புறக் கதைகளை நான் எடுத்துக்கொண்டேன்; அக்காவுக்குப் படித்துக் காட்டலாம்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு போட்டுப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். பெயர், புத்தகம், எடுத்த தேதி, திருப்பிய தேதி. நான்கு பக்கமும் ஒரே பெயர். அந்த அம்மா பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தயங்கினார். "தவறாக நினைக்காதீர்கள், ஐயா. ஊர்க்காரர்களுக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஆதாரில் சென்னை முகவரிதானே இருக்கும்?"

சட்டைப் பையிலிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். அப்பா பெயரைப் படித்தார். என் பெயருக்கு எதிரில் ரசீது எண்ணை மெதுவாக, ஒவ்வோர் இலக்கமாக எழுதினார். திருப்பும் தேதி என்ன போட என்று கேட்டார். பொங்கல் என்றேன்.